சாயங்காலம் வாங்கி வைத்த கத்திகள்

சேரம்பாடி
3 ஜூன் 2001

அன்பான தம்பி வடிவேலுக்கு, அக்கா மூக்கம்மா உட்கார்ந்து யோசித்து எழுதுவது. நானும் மகன் விமலும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? ஊட்டிக் குளிருக்கு அது சும்மா இருக்காதே.

எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. எல்லாம் அறிவொளி வகுப்பில் கற்றதுதான். அந்த வகுப்புக்கு என்னோடு பக்கத்து லயத்து வீட்டுத் தெய்வம்மாவும் வந்தாள். முதல் நாளே, "ஏனுங்க டீச்சர், கொழுந்து கிள்ளுற கைக்கு எழுத்து எதுக்குங்க?" என்று கேட்டாள். "நாளைக்கு யாருக்காச்சும் கடுதாசி போடணும்னா என்ன பண்ணுவீங்க?" என்றார் டீச்சர். "கடுதாசி போடற அளவுக்கு எனக்கு யாரு இருக்கா?" என்று எழுந்து போய்விட்டாள். அந்தத் தெய்வம்மா இப்போது ஃபேக்டரிக்குக் கீழே பள்ளத்தில் நடந்துகொண்டிருக்கிறாள். காய்ச்சலில் செத்து, மறுநாள் எழுந்தவள்.

உங்கள் பக்கமும் அப்படித்தான் என்று கேள்விப்பட்டேன். கடிபட்டவனுக்குக் காய்ச்சல் வருகிறது, காய்ச்சல் வந்தவன் சாகிறான், செத்தவன் எழுந்து அடுத்தவனைக் கடிக்கிறான். இங்கே அவர்களை எழுந்தவங்க என்று சொல்கிறோம். பிணம் என்று சொல்ல வாய் வரவில்லை. எல்லாம் கூட வேலை செய்த ஆட்கள்.

தேயிலை விலை விழுந்ததிலிருந்து கம்பெனிக்காரன் கவாத்து வெட்ட விடவில்லை என்று முன்பே சொன்னேன் அல்லவா? இடுப்பளவு இருக்க வேண்டிய செடி ஆள் உயரம் தாண்டி மரமாகிவிட்டது. பிறகு துரையும் ஜீப்பில் ஏறிப் போய்விட்டான். ஃபேக்டரி மூடிக் கிடந்தது. இப்போது அந்த ஃபேக்டரிக்குள்தான் லயத்து ஆட்கள் எல்லோரும் இருக்கிறோம். இரும்புக் கேட், கனத்த சுவர். ஆனால் செடிக்குள் யார் நிற்கிறார் என்று தெரியாதே. அதனால் சுற்றிலும் நாங்களே கூலி இல்லாமல் கவாத்து வெட்டுகிறோம். உயிரோடு இருந்த துரைக்குப் புரியாத கவாத்து செத்த ஆட்களால் நடக்கிறது.

இன்னொரு விஷயம். போன மாசம் அரிசி பங்கு வைக்கும்போது இரண்டு பேர் கவாத்துக் கத்தியைத் தூக்கிவிட்டார்கள். ஒருத்தனுக்கு விரல் போனது. அதிலிருந்து விமல் பழையபடி பெரட்டு வைத்துவிட்டான். காலையில் தப்பு மேளம் அடித்தால் எல்லோரும் வரிசையில் வந்து கத்தி வாங்க வேண்டும். சாயங்காலம் ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கம்பெனி நாளில் எப்படியோ அப்படி. யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சின்ன வயதிலிருந்து பழகின உடம்பு, தப்புச் சத்தம் கேட்டால் கால் தானாக வரிசையில் போய் நிற்கிறது. கத்தி எல்லோருக்கும் பத்தாது, பாதிப் பேர் வெறும் கம்போடுதான் நிற்கிறார்கள். ஸ்டோர் சாவி என்னிடம் இருக்கிறது. "அக்கா யாருக்கும் சாய மாட்டாங்க" என்று எல்லோரும் சேர்ந்து கொடுத்தது.

நடுவட்டத்தில் உன் மகள் வனிதா எப்படி இருக்கிறாள்? மாப்பிள்ளை தினகரன் அவளை நல்லபடியாக வைத்திருக்கிறாரா? இந்த லாரி டிரைவர் செலஸ்டின் நல்ல மனுஷன். மிலிட்டரி மருந்து கொண்டுபோகிற லாரி, நடுவட்டத்து செக்போஸ்ட்டைத் தவிர வழியில் எங்கும் நிறுத்த அனுமதி இல்லை. கேட் பக்கம் மெதுவாக்குவார், நான் மூங்கில் நுனியில் கடுதாசியைச் செருகி நீட்டுவேன், பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். பதில் எழுது. கம்பளியை விடாதே.

உன் அக்கா
மூக்கம்மா


பெர்ன்ஹில்
19 ஜூன் 2001

மரியாதைக்குரிய அக்காவுக்கு வடிவேல் வணக்கம். முட்டி பரவாயில்லை. நீங்களும் விமலும் சுகமாக இருப்பது தெரிந்து நன்றாகத் தூங்கினேன்.

இங்கே ஊட்டியில் நான் தோட்டவேலை செய்த பங்களாவையும் பக்கத்து மைதானத்தையும் சேர்த்து வேலி போட்டு முகாம் ஆக்கிவிட்டார்கள். முதல் நாள் கேட்டில் நின்ற சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. கையை நீட்டினான். அரிவாளைக் கொடுத்தேன். மறுபடி நீட்டினான். ரோஜா வெட்டும் கத்தரியையும் கொடுத்தேன். உள்ளே போனபோது துணி இல்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது. முன்பின் தெரியாத ஐந்நூறு பேர், வெளியே எழுந்தவர்கள், என் கையில் ஒன்றும் இல்லை. யாராவது கழுத்தை நெரித்தால்கூடக் கேட்பதற்கு ஆள் இல்லை என்று நினைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் படகர் இனத்துக்காரர் ஒருவர் வந்து தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தார். "போட்டுக்கோ, எனக்கு உள்ள ஒண்ணு இருக்கு" என்றார். பிறகு பார்த்தேன், உள்ளே ஒன்றும் இல்லை. அவர் கையில் கத்தி இருந்திருந்தால் நான் கிட்டே விட்டிருக்க மாட்டேன். என் கையில் இருந்திருந்தால் அவரும் வந்திருக்க மாட்டார். இரண்டு பேரும் வெறுங்கையாக இருந்ததால்தான் அந்த ஸ்வெட்டர் எனக்குக் கிடைத்தது. இதை அன்று முதல் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

வனிதாவை இங்கே கொண்டுவர வழி இல்லை. பைக்காரா பாலத்தை மூடிவிட்டார்கள், கீழிருந்து ஒருவரையும் விடுவதில்லை. நடுவட்டத்தில் லயத்துக் கதவு பலகைக் கதவு, எத்தனை நாள் தாங்கும்? அதனால் செலஸ்டினிடம் சொல்லி அனுப்பினேன், "சேரம்பாடிக்கு உன் அத்தையிடம் போ" என்று. அவள் பயந்திருக்கிறாள். தேவாலா பக்கம் யாரோ ஆட்களை வழியில் நிறுத்தி எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு விரட்டினார்களாம். "கேட்டில் கத்தியைக் கேட்டால் யோசிக்காமல் கொடு, அது அத்தை இருக்கிற இடம்" என்று சொல்லச் சொன்னேன். நீங்களும் ஒரு வார்த்தை எழுதினால் செலஸ்டின் அவளிடம் காட்டுவார். அவளுக்குத் தைரியம் வரும்.

பணிவுடன்
வடிவேல்


சேரம்பாடி
2 ஜூலை 2001

பாசமுள்ள தம்பிக்கு மூக்கம்மா. இங்கே எல்லோரும் இருக்கிறோம். மழை தொடங்கிவிட்டது, அட்டை கால் பூராவும். நீ சாப்பிடுகிறாயா? முகாமில் என்ன போடுகிறார்கள்?

வனிதா வரட்டும். இதைக் கேட்கவும் வேண்டுமா? தேயிலை உருட்டும் ரோலர் இருக்கும் அறையில் என் பக்கத்தில் படுக்க இடம் ஒதுக்கிவிட்டேன். அவளுக்குக் காது குத்தினபோது என் மடியில்தான் உட்கார்ந்தாள், ஞாபகம் இருக்கிறதா? ஆசாரி ஒரு காதைக் குத்தினதும் அடுத்த காதைக் கையால் பொத்திக்கொண்டு, "ஒண்ணு போதும் அத்தே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆசாரி, "ஒத்தக் காதுக்கு மாப்பிள்ளை கிடைக்காது பாப்பா" என்றான். "எனக்கு ஒத்தக் காது மாப்பிள்ளை பாருங்க" என்றாள். கடைசியில் நான், "வலிக்காது சாமி, அத்தை சொல்றேன்ல" என்றதும் கையை எடுத்தாள். வலித்ததுதான். ஆனாலும் என்னைக் கோபிக்கவில்லை.

அவளுக்கு நீ சொல்லச் சொன்னது சரிதான். இங்கே கத்தி வாங்கி வைப்பது எல்லோருக்கும் உள்ள சட்டம், என் மகனுக்கும் உண்டு. சாயங்காலம் வாங்கினால் காலையில் பெரட்டில் திருப்பிக் கொடுக்கிறோம். இது மாரியம்மன் மேல் சத்தியம். இந்தக் கடுதாசியை செலஸ்டின் அவளிடம் படித்துக் காட்டட்டும்.

விமலிடமும் சொல்லிவிட்டேன். "எத்தனை பேரும்மா?" என்றான். "உன் மாமன் மகள்டா" என்றேன். "அதைக் கேக்கல, எத்தனை பேருன்னு கேட்டேன்" என்றான். அரிசி குறைந்துகொண்டே போகிறது, அவன் தலையில் அந்தக் கவலை. பிறகு, "வரட்டும், பாக்கலாம்" என்றான். அவன் சுபாவம் தெரியுமே, வாய்தான் அப்படி.

அன்பு அக்கா
மூக்கம்மா


பெர்ன்ஹில்
24 ஜூலை 2001

அக்காவுக்கு வணக்கம். சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டுகிறேன்.

நீங்கள் எழுதினதைச் செலஸ்டின் படித்துக் காட்டினாராம். வனிதா சிரித்து, "அத்தை எழுதக்கூடக் கத்துக்கிட்டாங்களா" என்று கேட்டாளாம். மாப்பிள்ளை, அவர் அப்பா அம்மா, லயத்து ஆட்கள் என்று பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து புறப்பட்டுவிட்டார்கள். மெயின் ரோட்டில் எழுந்தவர்கள் அதிகம் என்று எஸ்டேட் வழியாகவே நடக்கிறார்களாம். இந்தக் கடுதாசி கிடைக்கும்போது அவள் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். அவளையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அவள் கையெழுத்தைப் பார்த்துவிட்டால் போதும்.

வடிவேல்


சேரம்பாடி
செப்டம்பர், தேதி சரியாகத் தெரியவில்லை

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. சுகமாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். பதில் தாமதம் என்று கோபிக்காதே. மழை, மண்சரிவு, லாரி வரவில்லை.

இந்த வருஷ மழையைப் போல நான் பார்த்ததில்லை. இல்லை, ஒரு தடவை பார்த்திருக்கிறேன், சிலோனில் நம் லயத்துக்கு மேலே மலை இறங்கின வருஷம். நீ அப்போது தொட்டில் பிள்ளை. அப்பா உன்னைத் தொட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார், பாதி வழியில் பார்த்தால் தொட்டிலில் நீ இல்லை, கோழி இருந்தது. நீ லயத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தாய். அம்மா சாகும் வரைக்கும் அதைச் சொல்லி அவரைக் கேலி செய்தாள்.

இங்கே யானைக் கூட்டம் ஒன்று வந்தது. எழுந்தவர்களை யானை சட்டை செய்வதில்லை, அவர்களும் யானையைத் தொடுவதில்லை. பலாப்பழம் நிறைய. கொட்டையை அவித்துத் தின்கிறோம். சுற்றிலும் கவாத்து முடிந்துவிட்டது, இப்போது தண்ணீர்ப் பைப்பு வரைக்கும் தெரிகிறது. ஆளுக்கு ஒரு கத்தி இருப்பதால் வேலை சீக்கிரம் ஆகிறது. கம்பு பிடிக்கிறவர் ஒருவரும் இல்லை இப்போது.

தேயிலை விலை ஏறிவிட்டதா என்று அங்கே யாராவது பேசுகிறார்களா? சிரிக்காதே. இங்கே காய்ச்சிக் குடிக்கிற தூள் எல்லாம் கடைசியாக ஃபேக்டரி ஓடின நாளில் விலை போகாமல் மூட்டையில் நின்றது. முதல் தரம். துரைகள் குடித்திருக்க வேண்டியதை நாங்கள் சர்க்கரை இல்லாமல் குடிக்கிறோம்.

ரோடு எல்லாம் மோசம். யாரும் வரக்கூடிய நிலைமை இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

மூக்கம்மா


பெர்ன்ஹில்
30 செப்டம்பர் 2001

அக்காவுக்கு வணக்கம்.

வனிதா வந்தாளா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. மழையை எழுதினீர்கள், யானையை எழுதினீர்கள். நான் அந்தக் கடுதாசியை மூன்று தடவை படித்தேன். பக்கத்தில் இருந்த ஒருவரிடம் கொடுத்து அவரையும் படிக்கச் சொன்னேன், என் கண்ணில் ஏதாவது தப்பிவிட்டதோ என்று.

ஆளுக்கு ஒரு கத்தி என்கிறீர்கள். ஜூன் மாசம் பாதிப் பேர் கையில் கம்புதான் இருந்தது. மற்ற கத்தி எங்கிருந்து வந்தது?

செலஸ்டினைக் கேட்டேன். "நான் கேட் வரைக்குந்தானுங்க. உள்ள யாரு இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். சொல்லும்போது வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே வார்த்தை எழுதுங்கள். வந்தாள், அல்லது வரவில்லை.

வடிவேல்


சேரம்பாடி
அக்டோபர், ஆயுத பூஜை கழிந்து

தம்பிக்கு அக்கா. விமலுக்கு இருமல், மற்றபடி சுகம். அங்கே பனி விழுகிறதா?

வந்தாள். ஒரு சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் தங்கினார்கள். நானே கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன், ஊறுகாயும் கொடுத்தேன். வனிதா நன்றாக இருந்தாள், கொஞ்சம் இளைத்திருந்தாள். மறுநாள் காலையில் எருமாடு என்ற ஊர்ப் பக்கம் போய்விட்டார்கள். மாப்பிள்ளைக்கு வயநாட்டில் சொந்தம் இருக்கிறதாம். அங்கே போயிருப்பார்கள். மலையாளத்துப் பக்கம் அரிசி கிடைக்கிறது என்று சொல்கிறார்கள்.

நேற்று ஆயுத பூஜைக்கு விமல் கத்திகளை எல்லாம் கழுவி வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தான். பொரி இல்லை, அவல் இல்லை, பலாக்கொட்டைதான் படையல். நான் சாமி கும்பிடப் போகவில்லை. காலில் வீக்கம்.

எல்லாம் அவன் செயல். மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

மூக்கம்மா


பெர்ன்ஹில்
16 டிசம்பர் 2001

அக்காவுக்கு, வடிவேல்.

பைக்காரா பாலத்தைத் திறந்துவிட்டார்கள். உறைபனி விழுந்ததும் எழுந்தவர்கள் விறைத்து நின்ற இடத்தில் நிற்கிறார்கள், அதனால் கீழிருந்து ஆட்களை மேலே ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். அப்படி வந்தவர்களில் மாப்பிள்ளை தினகரன் இருந்தார். அவர் மட்டும். எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவர்தான் வந்து கையைப் பிடித்தார். நான் எதுவும் கேட்கும் முன்பே சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னபடி எழுதுகிறேன். தப்பு இருந்தால் நீங்கள் திருத்துங்கள்.

அவர்கள் வரும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மேல்மாடியிலிருந்து விமல், "யாரு?" என்றான்.

"மச்சான், நான் வனிதா. நடுவட்டத்து வனிதா."

"எத்தனை பேரு?"

"எங்க ஊட்டாளுங்க, லயத்தாளுங்க. கடிபட்டவங்க ஒருத்தரும் இல்ல மச்சான்."

நீங்கள் கேட்டுக்கு வந்தீர்கள். கம்பிக்குள் கையை விட்டு அவள் கன்னத்தைத் தொட்டீர்கள். "கத்தியெல்லாம் குடுங்கம்மா, காலையில பெரட்டுல வாங்கிக்கலாம். இன்னிக்கு வெளிக் கொட்டகையில படுங்க, விடிஞ்சதும் கேட்டைத் தொறக்கிறோம்" என்றீர்கள்.

சம்பந்தி கத்தியை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. "கதவு தொறக்கட்டும், உள்ள வந்து குடுக்கிறேன்" என்றார். அவரைச் சமாதானப்படுத்தினது என் மகள். "மாமா, அது எங்க அத்தை. சத்தியம் பண்ணி எழுதியிருக்காங்க. எங்கப்பாவும் குடுக்கச் சொல்லிருக்கார்" என்றாள். முதல் கத்தியைக் கொடுத்தது அவள்தான். பிடி உங்கள் பக்கம் இருக்கும்படி திருப்பி, கம்பிக்குள் நீட்டினாளாம். அதைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். யாரும் சொல்லாமலே வரிசையில் நின்றார்களாம். கம்பெனி ஸ்டோரில் நிற்கிற மாதிரியே. ஒருத்தர் விளையாட்டாகக் கம்பெனி கொடுத்த பேர் நம்பர்கூடச் சொன்னாராம், எல்லோரும் சிரித்தார்களாம்.

காலையில் தப்புச் சத்தம் கேட்டது. மறுபடி வரிசையில் போய் நின்றார்கள். விமல் வந்து, "வனிதா மட்டும் உள்ள வரலாம். மத்தவங்க கீழ எருமாடு பக்கம் போங்க" என்றான்.

மாப்பிள்ளை, "சரிங்க, போறோம். கத்தியைக் குடுங்க" என்றார்.

"கத்தி உள்ள இருக்கறவங்களுக்கே பத்தல."

"எங்க கத்திங்க அது."

"ஸ்டோருக்குள்ள வந்தா அது ஸ்டோர்க் கத்தி."

வனிதா விமலைப் பார்க்கவே இல்லை. உங்களைப் பார்த்து, "அத்தே, சாவி உங்க இடுப்புலதானே இருக்கு" என்றாள். நீங்கள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டீர்கள். "நீ உள்ள வா சாமி, நீ மட்டும் வந்துரு" என்றீர்கள். அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை. மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கவாத்து வெட்டாத காட்டுக்குள்தான் நடந்தது. செடி ஆள் உயரம், யார் நிற்கிறார் என்று தெரியாது என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். மாமியாரைப் பிடித்து இழுத்தது ஒன்று. வனிதா வெறுங்கையால் அதன் வாயைப் பிளந்து மாமியாரை மீட்டாள். கையில் பல் பட்டுவிட்டது. மற்றவர்கள் சிதறி ஓடினார்கள். மீட்ட மாமியாரும் அன்று தப்பவில்லை.

வனிதா காய்ச்சலில் கிடந்தபோது மாப்பிள்ளையிடம் சொன்னாளாம், நான் எழுந்து நடக்கக் கூடாது, அப்பா கண்ணில் அப்படிப் படக் கூடாது என்று. அதற்கு ஒரு கத்திகூட அவரிடம் இல்லை. கல்லால் என்றார்.

எருமாடு, வயநாடு, மலையாளத்து அரிசி என்று எழுதினீர்களே. அதை எழுதும்போது உட்கார்ந்து யோசித்து எழுதினீர்களா?

வடிவேல்


சேரம்பாடி
தை பிறந்து

தம்பிக்கு மூக்கம்மா எழுதுவது. சுகம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

மாப்பிள்ளை சொன்னது அத்தனையும் நிஜம். ஒன்று மட்டும் அவருக்குத் தெரியாது. அவர்கள் வளைவு திரும்பும் வரைக்கும் நான் கேட்டில் நின்றேன். சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். ஸ்டோர் பத்தடி தூரம்தான். விமல் என்னைத் தடுக்கவில்லை. அவன் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தப்பைக் காயவைத்துக்கொண்டிருந்தான். நான் திறந்து எடுத்து மேலேயிருந்து எறிந்திருக்கலாம். ஏன் எறியவில்லை என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை தம்பி. தெரிந்தால் எழுதிவிடுவேன். உள்ளே நின்ற ஆட்கள் எல்லோரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பு வைத்திருந்தவர்கள் முன்வரிசையில் நின்றார்கள்.

நாம் சிலோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கினபோது மண்டபம் முகாமில் ஒரு ஆள் அப்பாவின் பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்து வைத்துக்கொண்டான். "போறப்ப வாங்கிக்கோ" என்றான். நாம் கிளம்பும்போது வேறு ஆள் இருந்தான். அப்பா அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார், ரயிலுக்கு நேரமாகிறது என்று அம்மா இழுத்துக்கொண்டு வந்தாள். ரயிலில் அப்பா, "அவன் நல்லவனாத்தான் இருந்தான், ஆளு மாறிட்டான்" என்றார். இதைச் சாக்கு என்று எழுதவில்லை. சும்மா எழுத வந்துவிட்டது. என் கை அப்படித்தான் எங்கேயாவது போய்விடுகிறது.

இங்கே அரிசி தீர்ந்துவிட்டது. கார்த்திகையில் காய்ச்சல் உள்ளே வந்து பாதிப் பேர் இல்லை. மீதி இருக்கிறவர்களைவிடக் கத்தி அதிகமாக இருக்கிறது. போன வாரம் மிலிட்டரி லாரி ஒன்று கேட் முன்னால் நின்று மைக்கில் சொன்னது. வருகிற செவ்வாய்க்கிழமை வருவார்களாம், எல்லோரையும் பெர்ன்ஹில்லுக்கு ஏற்றிக்கொண்டு போவார்களாம். ஆனால் ஆயுதம் ஒன்றும் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் வெளியே வீசிவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டுமாம்.

விமல் மாட்டேன் என்கிறான். "யாருன்னே தெரியாதவன்கிட்ட கத்தியைக் குடுத்துட்டு நிக்கச் சொல்றியா? வாங்கிட்டு அப்படியே விட்டுட்டுப் போனா என்னம்மா பண்ணுவ?" என்கிறான். அவன் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மற்றவர்களும் அவன் பக்கம்தான். கத்தியோடு இங்கேயே இருந்தால் பசியில் சாவோம். கொடுத்துவிட்டு நின்றால் என்ன ஆகும் என்று தெரியாது.

நீ அங்கே இருக்கிறாய். அவர்களை உனக்குத் தெரியும். கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு வார்த்தை எழுது. நீ என்ன எழுதுகிறாயோ அதை நான் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டி, அதன்படி செய்ய வைக்கிறேன். கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. வேறு யாரைக் கேட்பேன்?

மூக்கம்மா


பெர்ன்ஹில்
சனிக்கிழமை

மூக்கம்மா அக்காவுக்கு.

நீங்கள் கேட்டது கிடைத்தது. செலஸ்டின் நாளைக் காலையில் புறப்படுகிறார், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை லாரியில் நானும் வருகிறேன். கீழிருந்து வருகிறவர்களிடம் பேசத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைப் போட்டிருக்கிறார்கள். வாசலில் வீசுகிற கத்திகளைப் பொறுக்கி மூட்டை கட்டுவது என் வேலை.

உங்கள் கடுதாசியை மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு, "என்ன எழுதப் போறீங்க மாமா?" என்றார். "தெரியல" என்றேன். "வேண்டாம்னு எழுதுங்க. கத்தியோட இருக்கட்டும். கத்திதானே வேணும் அவங்களுக்கு" என்றார். அப்படி எழுதவும் உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதினேன். நான் அப்படி எழுதினால் நீங்கள் அதைப் படித்துக் காட்டுவீர்கள், கேட்டைத் திறக்க மாட்டீர்கள், லாரி திரும்பிவிடும். மாசி முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது.

அதைக் கிழித்துவிட்டேன். நல்ல மனசால் என்று நினைக்காதீர்கள். வனிதாவிடம் கத்தியைக் கொடு என்று சொன்னவன் நானும்தான். இன்னொரு தடவை என் வார்த்தையால் ஆள் சாக வேண்டாம் என்று கிழித்தேன். வேறு ஒன்றும் இல்லை.

இவர்கள் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டுப் போகிறவர்கள் இல்லை. ஏற்றிக்கொண்டுதான் வருவார்கள். இதை நீங்கள் நம்ப வேண்டிய அவசியம் இல்லை. உங்களைக் கொல்ல நினைத்தாலும் நான் இதையேதான் எழுதுவேன் என்று விமல் சொல்வான். சரிதான். என்னிடம் காட்ட வேறு சாட்சி இல்லை. உங்கள் தம்பி எழுதியது என்பது மட்டும்தான் இருக்கிறது. வனிதாவுக்கும் அவ்வளவுதான் இருந்தது, அதை வைத்துக்கொண்டு அவள் கம்பிக்குள் கையை நீட்டினாள். நீங்களும் நீட்டிப் பாருங்கள்.

இங்கே வந்தால் தங்க இடம் உண்டு. காலையிலும் மாலையிலும் கஞ்சி. அண்டாவில் ஊற்றிக் கொடுக்கிற வேலை மாப்பிள்ளை தினகரனுடையது. தினமும் அந்த வரிசையில் நின்று அவரிடம்தான் நீங்கள் தட்டை நீட்ட வேண்டும். அவர் ஊற்றுவார், எல்லோருக்கும் ஊற்றுகிற அளவு. நான் அவரிடம் சொல்லியிருக்கிறேன், பேச வேண்டாம் என்று. நானும் பேச மாட்டேன்.

கத்தியைக் கொடுங்கள். வனிதாவுக்கு ஆனது உங்களுக்கு ஆகாது அக்கா. எனக்கு ஆறாதது அதுதான்.

வடிவேல்